டீக்கடையில் படிக்கப்படும் பிரஸ் நோட்: இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் ஊடகத் தொடர்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். "மீடியாவை நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். நம்மைப் போன்ற சின்ன அமைப்புகளில் அது தனி வேலையாக இருப்பது அபூர்வம். ஜனவரியில் ஆமை ரோந்து (முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையில் நடப்பது), மழைக்காலத்தில் கண்டல் (அலையாத்தி) நாற்று, நடுவில் வவுச்சர் ஒட்டுவது, இவற்றோடு சேர்த்து நிருபர்களுக்குப் போன் போடுவது. நானும் அப்படித்தான் வந்தேன். எனக்கு யாராவது முதல் மாதமே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ் நோட் எழுதும்போது நிருபரும், டெஸ்க்கும் (பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தித் தலைப்பு வைப்பவர்கள்), கலெக்டர் அலுவலகமும்தான் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு தாழங்குடாவிலோ தேவனாம்பட்டினத்திலோ டீக்கடை பெஞ்சில் ஒருவர் அதைச் சத்தம் போட்டுப் படிப்பார், கடலுக்குப் போய் வந்த நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று இரவு நாம் டார்ச்சோடு நடக்கப்போவது அந்த நாலு பேருடைய கரையில். அவர்கள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க முடியாத ஒரு வரியைக்கூட அனுப்பாதீர்கள்.

முதல் மாதம் எழுத வேண்டாம்

நடங்கள். ஆமைப் பருவமாக இருந்தால் குறைந்தது ஐந்து இரவாவது ரோந்துக்குப் போங்கள். ஈர மணலில் ஆமை ஏறிவந்த தடம் எப்படி இருக்கிறது, முட்டைக்குழி எவ்வளவு ஆழம், நாய் எந்தப் பக்கமிருந்து மோப்பம் பிடித்து வருகிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்திருந்தால்தான் நிருபர் கேட்கும் இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், செய்தி இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

அடிப்படை விவரங்களைப் பிழையில்லாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்கு முட்டையிட வருவது ஆலிவ் ரிட்லி. தமிழில் பங்குனி ஆமை. ஒரு தடவைக்கு நூறு முட்டையை ஒட்டி இடும், சில சமயம் அதைத் தாண்டும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது. முட்டையைத் தொடுவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

பத்திரிகையில் பழக்கத்தினால் வரும் தவறுகளும் உண்டு. "ராட்சத ஆமை" என்று தலைப்பு வரும். கடலாமைகளில் மிகச் சிறிய இனங்களில் ஒன்று இது, ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும், அவ்வளவுதான். "அரிய வகை" என்பார்கள். உலகக் கடல்களில் எண்ணிக்கையில் அதிகம் உள்ள கடலாமை இதுதான், ஆனாலும் ஆபத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆயிரத்தில் ஒரு குஞ்சுதான் பிழைக்கும்" என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நம் கரையில் நாமே எண்ணிக் கண்டுபிடித்தது போல அதை எழுதக் கூடாது.

பிச்சாவரத்துக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. "உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு" என்று சுற்றுலாப் பலகையிலிருந்து பள்ளிக் கட்டுரை வரை எழுதுகிறார்கள். பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். சுந்தரவனமும் பிதர்கனிகாவும் இருக்கட்டும், நம் மாநிலத்து முத்துப்பேட்டையே இதைவிடப் பெரியது. பிச்சாவரத்துக்கு அந்தப் பொய் தேவையில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்றும் வளரும் இடம். இவ்வளவும் உண்மை, இதை எழுதினாலே போதும்.

எந்தக் கரை, எந்த அரசு

வெளியூரிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் இது. தாழங்குடாவிலிருந்து வடக்கே தென்பெண்ணை முகத்துவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அரசே மாறிவிடுகிறது. மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், நரம்பை எல்லாம் புதுச்சேரி, பாகூர் கொம்யூன் (அங்கே உள்ளாட்சிப் பிரிவின் பெயர்). புதுச்சேரி நகரைத் தாண்டினால் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் விழுப்புரம் மாவட்டம், அதற்கும் வடக்கே காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. ஊசுட்டேரியில் ஒரே தண்ணீரில் பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. ஆமைக்கும் நாரைக்கும் இந்த எல்லை கிடையாது. நமக்கு உண்டு.

அதாவது வனத்துறை வேறு, மீன்வளத்துறை வேறு, கடல் மீன்பிடிச் சட்டமும் வேறு. நரம்பையில் ஒதுங்கிய ஆமைக்குக் கடலூர் மாவட்ட வன அலுவலரிடம் கருத்துக் கேட்டு எழுதினால் இரண்டு அலுவலகமும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கும். ஒரு தாளில் ஊர்ப் பெயர், எந்த மாவட்டம், எந்த வனச்சரகம், யாரிடம் பேச வேண்டும் என்று எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். இன்னொன்று, கூடவே நடக்கும் வனக்காவலர் எவ்வளவு நெருக்கமான நண்பராக இருந்தாலும் அவர் பெயரில் கருத்துப் போட வேண்டாம். மேலதிகாரி அனுமதி இல்லாமல் அவர் பேச முடியாது, பிரச்சினை அவருக்குத்தான் வரும்.

பத்திரிகைப் பக்கமும் இப்படித்தான். சில நாளிதழ்களுக்குக் கடலூர்ச் செய்தி புதுச்சேரிப் பதிப்பில் வரும், சிலவற்றுக்கு விழுப்புரத்தில் அச்சாகும். ஒரு வாரம் எல்லாப் பேப்பரையும் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். எந்தச் செய்தி எந்தப் பக்கம், யார் பெயரில் வருகிறது, படம் எத்தனை செய்திப் பத்தி அகலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிருபர்களை நேரில் போய்ப் பாருங்கள். செய்தி எதுவும் கையில் இல்லாத நாளில் போங்கள், டீ சாப்பிடுங்கள், "என்ன நேரத்துக்கு அனுப்பினா உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள்.

தாலுகா அளவில் எழுதும் நிருபர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. சொந்த வண்டியில் சொந்தப் பெட்ரோலில் ஒரே நாளில் ஏழெட்டு இடம் ஓடுகிறவர்கள். அவர்களை அதிகாலையில் கரைக்கு வரச் சொல்லிவிட்டு, தலைமை விருந்தினர் வரும்வரை ஒரு மணி நேரம் காக்கவைப்பது மரியாதை இல்லை. பணம் வைத்த "கவர்" கொடுக்கிற பழக்கத்தை மட்டும் தொடங்கவே தொடங்காதீர்கள். நாம் செலவு செய்வது யாரோ ஆமைக்காகக் கொடுத்த பணம். நேர்மையான நிருபர்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. டீ, இட்லி போதும், அதுவும் தன்னார்வலர்கள் சாப்பிடுகிற அதே பாத்திரத்திலிருந்து.

வானொலியை மறந்துவிடாதீர்கள். ஆகாசவாணி புதுச்சேரிக்கும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமூக வானொலிக்கும் நிகழ்ச்சிக்கு ஆள் தேவைப்படும். அங்கே நீங்கள் பேசுவதைவிட ரோந்துக்கு வரும் மீனவர் ஒருவரைப் பேசவையுங்கள். பேச்சுத் தமிழில் அவர் சொல்லும் பத்து நிமிடம், நாம் எழுதும் பத்து பிரஸ் நோட்டுக்கு மேல் ஊருக்குள் போகும்.

பிரஸ் நோட் எழுதுவது

பெரும்பாலான அமைப்புகளின் பிரஸ் நோட் இப்படித் தொடங்கும்: "சுற்றுச்சூழல் விழிப்புணர்வை ஏற்படுத்தும் நோக்கில் எங்கள் அறக்கட்டளையின் சார்பில், நிறுவனத் தலைவர் அவர்களின் தலைமையில், செயலாளர் அவர்களின் முன்னிலையில்..." ஆமை வருவதற்கு மூன்றாவது பத்தி ஆகிவிடும். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் முதல் இரண்டு பத்தியை வெட்டுவார், அல்லது முழுதையும் ஓரமாக வைத்துவிடுவார்.

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "தேவனாம்பட்டினம் கடற்கரையில் நேற்று அதிகாலை 2.40 மணிக்குக் கரையேறிய பங்குனி ஆமை 112 முட்டைகள் இட்டது. முட்டைகளை வனத்துறை அனுமதியுடன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்திருக்கிறோம். குஞ்சுகள் வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். ஆமையை முதலில் பார்த்துத் தகவல் சொன்னவர், அதே ஊரைச் சேர்ந்த மீனவர்." இங்கே அவர் சம்மதத்தோடு பெயர். அதன் பிறகு வனத்துறை சொன்னது. அதன் பிறகு நம் அமைப்பு பற்றி ஒரே ஒரு வரி. இரவு ஒன்பது வரை எடுக்கப்படும் ஒரு செல் நம்பர். ஒரு பக்கத்தோடு முடியட்டும்.

குழி இருக்கும் இடத்தை எழுதாதீர்கள். முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊர்ப் பெயர். இயல்பாக விட்டுவைத்த கூடு என்றால் ஊர்ப் பெயரும் வேண்டாம், "கடலூர்க் கரையில்" போதும். நீர்நாய்க்கும், பறவைகள் கூடு கட்டும் திட்டுகளுக்கும் இதே விதிதான். செல்போன் படத்தில் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

எழுத்துரு ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் செய்தியையே கொன்றுவிடும். இன்னும் சில அலுவலகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அது மறுபக்கத்தில் திறக்கும்போது பொருளில்லாத எழுத்துக்குவியலாகத் தெரியும், திருப்பிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. யூனிகோடில் அடித்து, வாட்ஸ்அப்பில் செய்தியாகவே அனுப்புங்கள், மெயிலிலும் அதையே போடுங்கள். பி.டி.எஃப். வேண்டாம், நிருபரால் எடுத்து ஒட்ட முடியாது. படத்தை வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால்தான் அச்சுக்குத் தாங்கும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு எழுதுங்கள். மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்கு மேல் அனுப்பினால் மறுநாள் பழைய செய்தி.

கடைசியில் "பெயர்களின் எழுத்துக்கூட்டு" என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஆலிவ் ரிட்லி என்பது ஆலிவர் ரெட்லி ஆகி ஒரு மனிதரின் பெயர் போல அச்சாவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு வரியைச் சேர்க்க ஆரம்பித்த பிறகு குறைந்தது.

பள்ளிப் பிள்ளைகள் படத்தில் இருந்தால் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நன்கொடைக்கு 80ஜி வரிவிலக்கு உண்டு என்று எழுதுவதற்கு முன்னால் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

குஞ்சு விடும் காலை

ஆண்டில் அதிகக் கேமரா வரும் நாள் இதுதான். அதிகமாகத் தவறு நடப்பதும் இதே நாள்தான். குஞ்சு பொரித்ததும் வெளிச்சம் அதிகமுள்ள பக்கமாக நகரும். இயற்கையில் இரவில் அது கடல் பக்கம். டி.வி. கேமராவின் விளக்கைப் போட்டால் திரும்பிக் கரையைப் பார்த்து வரும். ஃபிளாஷும் கூடாது, செல்போன் டார்ச்சும் கூடாது. கீழ்வானம் வெளுக்கும் வரை காத்திருந்தால் விளக்கில்லாமலே படம் கிடைக்கும் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். கரைக்கு வந்தபின் சொன்னால் சண்டையாகும்.

பொரிப்பகத்திலிருந்து அலை வரைக்கும் இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு உள்ளே யாருடைய காலும் படக் கூடாது, அமைப்பின் தலைவர் காலும்தான். இதைச் சொல்லும்போது பலருக்குக் கோபம் வரும். அவர்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெரியவரின் குதிகால் பதிந்த பள்ளம் குஞ்சுக்கு ஒரு கிணறு. முன்துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளி மேலே வரப் பார்க்கும், மணல் சரியும், மல்லாந்து விழும். அலைக்குப் பத்தடி தூரத்தில் அப்படி ஒரு குஞ்சு கால் தடத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, விடுவதற்கு முன் அந்தப் பாதை முழுவதையும் பலகை வைத்து நிரவிவிடுகிறோம்.

முக்கியப் பிரமுகர் வந்தால் குஞ்சைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லிப் புகைப்படக்காரர்கள் கேட்பார்கள். முடியாது என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, மாற்று ஒன்று தயாராக இருக்க வேண்டும். அவரைக் கயிற்றுக்கு வெளியே முழங்கால் போட்டு உட்காரவையுங்கள். குஞ்சுகள் அவர் முகத்துக்கு எதிரே நடந்து போகும். புகைப்படக்காரர் தாழ்வாக உட்கார்ந்து எடுத்தால் குஞ்சு முன்னால் பெரிதாக, பிரமுகர் பின்னால், அதற்கும் பின்னால் கடல். கையில் பிடித்த படத்தைவிட இது நன்றாக இருக்கும், பக்கத்திலும் பெரிதாக வரும். ஒருமுறை எடுத்துப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு அவர்களே பிரமுகரை உட்காரச் சொல்கிறார்கள்.

டி.வி.க்குப் பைட் (கேமரா முன் சிறு பேட்டி) கொடுக்கும்போது மூன்றே வாக்கியம். இன்று என்ன நடந்தது, ஏன் பொரிப்பகம், பார்ப்பவர்கள் என்ன செய்யலாம். இருபது நொடிக்கு மேல் போனால் வெட்டுவார்கள், எதை வெட்டுவது என்பது நம் கையில் இருக்காது.

செத்த ஆமை ஒதுங்கும் நாள்

இதற்குத்தான் நீங்கள் அதிகம் தயாராக வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்த மாதிரி வாரத்தில் எல்லா நிருபருக்கும் ஒரே கேள்வி: "நம்ம பக்கம் எத்தனை?"

எண்ணைச் சொல்வதற்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலில் வனத்துறைக்குத் தகவல். அடுத்தது படம், நேரம், இடம், ஓட்டின் நீளம். பிறகு ஓட்டில் பெயின்டால் ஒரு குறி. குறி போடாமல் விட்டால் இன்று தேவனாம்பட்டினத்தில் எண்ணிய அதே ஆமையை அலை தூக்கிக்கொண்டு போய் வேறொரு ஊரில் போட, அங்கே இன்னொருவர் எண்ணுவார். சாவுக்கான காரணத்தைக் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்த பிறகுதான் சொல்லலாம். ஆமைக்கு இருப்பது நுரையீரல், நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலை மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். இது பொதுவான விளக்கம். "இந்த ஆமை இதனால்தான் செத்தது" என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள். தெரியாத கேள்விக்கு "இப்ப தெரியலைங்க, நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்றேன்" என்று சொல்லுங்கள். பத்து மணிக்கு முன்னால் நீங்களே போன் செய்யுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும்.

இரண்டாம் ஆண்டில் நான் இதில்தான் தவறினேன். ஒரே வாரத்தில் சில ஆமைகள் ஒதுங்கின. "மீன்பிடி வலைகளில் சிக்கி உயிரிழந்திருக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒரு நாளிதழில் தலைப்பு: மீனவர்கள் அலட்சியத்தால் ஆமைகள் பலி. என் நோட்டில் அலட்சியம் என்ற சொல்லே இல்லை. ஆனால் எந்த வலை, யார் வலை என்றும் நான் எழுதியிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை டெஸ்க் நிரப்பிக்கொண்டது. அன்று இரவு ரோந்துக்கு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பத்து நாள் வரவில்லை.

நேரில் போனேன். ஃபைபர் போட்டின் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமலே கேட்டார்: "நீ எழுதினதுதான?"

"ஆமாண்ணே."

"எங்க வலைல மாட்டினா நாங்க அறுத்துதான் விடறோம். அறுக்கறது எங்க காசு. அத ஏன் எழுதல?"

எனக்குப் பதில் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

அன்றிலிருந்து இப்படி எழுதுகிறேன். "வலை" என்று மட்டும் ஒருபோதும் எழுதுவதில்லை. இழுவலையா, செவுள் வலையா, விசைப்படகா, ஃபைபரா என்று பிரித்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியையும், மாட்டிய ஆமை வெளியேற இழுவலையில் பொருத்த வேண்டிய ஆமை விலக்குக் கருவியையும் ஒவ்வொரு நோட்டிலும் சேர்க்கிறேன். அப்போது கேள்வி விதியை நடைமுறைப்படுத்துவதைப் பற்றியதாக மாறுகிறது, ஒரு சமூகத்தைப் பற்றியதாக நிற்பதில்லை. கூடவே வலையை அறுத்து ஆமையை விட்டவர் ஒருவரின் சொந்த வார்த்தைகள். சுருக்குமடி (மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் பெரிய வலை) பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. 2000-இல் தமிழ்நாடு தடை செய்ததிலிருந்து இந்தக் கரையில் ஊருக்கு ஊர் நிலைப்பாடு வேறு, அடிதடி வரை போயிருக்கிறது. ஆமைச் செய்தியில் தவறி விழும் ஒரு சொல் நம்மை அந்தச் சண்டையில் ஒரு கட்சியாக்கிவிடும்.

தலைப்பு தவறாக வந்தால் நிருபரிடம் கோபப்படாதீர்கள், தலைப்பு அவர் வைப்பதில்லை. காலை பத்து மணிக்கு முன் அவரிடம் பேசி, என்ன தவறு, சரியானது எது என்று இரண்டே வரி எழுதி அனுப்புங்கள். திருத்தம் வராவிட்டாலும் அந்த இரண்டு வரியை அச்செடுத்து ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நிகழ்ச்சி இல்லாத செய்தி

குஞ்சு விடுவதற்கு நாள் இருக்கிறது, கரை தேய்வதற்கு நாள் இல்லை. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தெற்கே பிடித்து நிறுத்தியது, வடக்கே உள்ள ஊர்கள் மணலை இழந்தன. ஆமை முட்டையிட மணல் வேண்டும், கட்டுமரம் ஏற்றி வைக்கவும் அதே மணல்தான் வேண்டும். இதை நிருபரிடம் சொன்னால் "இன்னிக்கு என்ன புதுசா?" என்பார். நியாயமான கேள்வி. அதனால் மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே தென்னையோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஓராண்டில் பன்னிரண்டு படம். அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் ஞாயிறு மலர்க்காரர்கள் அவர்களாகவே கேட்டு வாங்குவார்கள்.

நாட்காட்டியிலும் சில நாட்களைக் குறித்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 2 ஈரநில நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஜூலை 26 கண்டல் நாள், அக்டோபர் முதல் வாரம் வன உயிரின வாரம். டிசம்பர் 26 வந்தால் "சுனாமியை அலையாத்திக் காடு தடுத்தது" என்ற செய்திக்கு நம்மிடம் கருத்துக் கேட்பார்கள். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் பெருமை பேசாதீர்கள். பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டில் 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அன்றைக்கும் அந்தப் பேப்பரைப் படிப்பார்கள்.

கடைசி வேலை, கோப்பு. வந்த செய்தியைக் கத்தரித்து, நாளிதழ், பதிப்பு, தேதி எழுதி ஒட்டுங்கள். அதற்கு எதிர்ப் பக்கத்தில் நாம் அனுப்பிய நோட். தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆமைக் கணக்கு: தேதி, ஊர், முட்டை, பொரித்தது, செத்து ஒதுங்கியது, அன்று யார் யார் நடந்தார்கள். கணினியில் இருக்கட்டும், காகிதத்திலும் இருக்கட்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் மாலை மூன்றரை மணிக்கு ஒரு நிருபர் கூப்பிட்டு, "போன வருஷம் இதே வாரம் எத்தனை?" என்று கேட்பார். அவருக்கு நாலு மணிக்குள் பதில் வேண்டும்.